மெஷின் ரூமுக்குப் படி வழி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மோட்டார்னு கூப்பிடுற உன் தம்பி எழுதுறேன். இங்க நானும் என் வீட்டுக்காரியும் இருக்கோம், வண்டி ஓடுது. உன் உடம்பு எப்படி, கண்ணு எப்படி? இன்னும் அச்சகத்துக்காரன் அனுப்புற பொடி எழுத்துப் புரூஃபையே திருத்திக்கிட்டு இருக்கியா?

என்னடா திடீர்னு கடுதாசின்னு நினைப்ப. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் நீ அழற, மூணாவது நிமிஷம் நான் கத்துறேன். அதைவிட இது மேல். டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு மணி நேரம். இடது கையில ரெண்டு ஊசி, அதை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கு. சும்மா கிடக்கிறது எனக்கு ஆகாது, அதான் அட்டையை மடியில வச்சு எழுதுறேன்.

வேலை விஷயம் சொல்றேன். லிஃப்ட் மெக்கானிக் பொழப்பு ஒரு வேடிக்கை. லிஃப்ட் நின்னாத்தான் நம்மளக் கூப்பிடுவாங்க. நின்ன லிஃப்ட்ல ஏறிப் போக முடியுமா? பையைத் தூக்கிக்கிட்டுப் படியேறித்தான் மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போகணும். எனக்கு இப்ப ஒரு மாடி ஏறினாலே நாக்கு தள்ளுது. அதனால கம்பெனியில என்னை ஸ்பேர் கவுண்டர்ல உக்கார வச்சிருக்காங்க. நட்டு கேட்டா நட்டு, போல்ட்டு கேட்டா போல்ட்டு. பைத்தியம் பிடிக்குது அக்கா. எஞ்சினியர் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் டைம் குடுத்திருக்கார். பையோட எட்டு மாடி ஏறிக் காட்டினா பழைய வேலை. இல்லேன்னா கவுண்டர்தான், சாகுற வரைக்கும்.

இங்க பிசியோ பொண்ணு ஒண்ணு வருது. கட்டில் கால்மாட்டுல ஒரு பெடலை மாட்டி, மெஷின் ஓடும்போதே மிதிங்கன்னு சொல்லுது. முதல் ரெண்டு மணி நேரம் மட்டும், பி.பி. பாத்துக்கிட்டே. நான் அஞ்சு நிமிஷத்துல கவுந்தேன். பக்கத்துக் கட்டில் தையல்காரர், அறுபத்தி மூணு வயசு, கால் மணி நேரம் சளைக்காம மிதிக்கிறார். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதிச்ச கால், கேக்கவா வேணும்.

வர்றேன் வர்றேன்னு போன வருஷத்துலேருந்து சொல்ற. எப்ப வர்ற?

உன் தம்பி,
மோட்டார்

ஜனவரி 24

என் அருமைத் தம்பி மோட்டாருக்கு,

கடுதாசி வந்துச்சு. எனக்கு ஒரு குறையும் இல்ல, கண்ணாடி மட்டும் மாத்தணும். நீ சாப்பிடுறியா? தூங்குறியா? அவ நல்லா இருக்காளா?

உன் கடுதாசியில பதினோரு பிழை. சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பலாம்னு பாத்தேன், பாவம்னு விட்டுட்டேன்.

எனக்கு இந்தப் பெடல் பேச்சே பிடிக்கல. உடம்புல இருக்கிற ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள அனுப்புறாங்க, அந்த நேரத்துல இவருக்கு சைக்கிள் கேக்குதாம். படுடா. படுத்துக் கிடக்கிறதுக்குத்தான் கட்டில் போட்டிருக்காங்க. கவுண்டர் வேலைக்கு என்ன கொறச்சல்? நிழல்ல உக்காந்து வேலை பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். கீழ விழுந்தா யாரு பாப்பா? விழுறவனுக்கு ஒரு நொடி, எழுந்திரிக்கத்தான் வருஷக்கணக்காகும்.

அடுத்த மாசம் வரப் பாக்குறேன். இப்பத்தான் புதுக் காகிதக் கட்டு கூடையில ஏறி வந்திருக்கு, ஐநூறு பக்கம், ஏதோ சட்டப் புத்தகம். முடிச்சாகணும்.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

பிப்ரவரி 6

அக்கா,

நான் நல்லா இருக்கேன், உண்மையாவே. நீ கண்ணாடியை முதல்ல மாத்து.

படுன்னு சொல்ற. படுத்தாத்தான் எனக்குக் கஷ்டமே. கால் ரெண்டும் உள்ளுக்குள்ள நமநமன்னு ஊரும், உதறணும் போல இருக்கும், எழுந்து நடந்தாத்தான் அடங்கும். மெஷின்ல இருக்கிற பாதிப் பேருக்கு இது இருக்காம். பெடல் மிதிச்ச நாள்ல அது பாதியாக் குறையுது. இதை நீ எந்தச் சட்டப் புத்தகத்துல வேணாலும் போட்டுக்கோ.

இப்ப பன்னிரண்டு நிமிஷம் மிதிக்கிறேன். மெஷின் இல்லாத நாளுக்கு நாற்காலிக் கணக்கு. கையை ஊனாம எழுந்திருக்கணும், உக்காரணும். முதல் வாரம் அஞ்சு, ரெண்டாவது வாரம் எட்டு, இப்ப பன்னிரண்டு. அப்புறம் படிக்கட்டு. முதல் நாள் ஒரே ஒரு படி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. குழந்தை மாதிரி. அவ கதவோரம் நின்னு எண்ணிக்கிட்டே சிரிக்கிறா.

ஒண்ணு கேக்கணும். காகிதக் கட்டு கூடையில ஏன் ஏறி வருது? உன் வீட்டுல லிஃப்ட் இருக்கே. நான்தானே நீ குடி போகும்போது கயித்தைப் பாத்து நல்ல லிஃப்டுன்னு சொன்னேன்.

மோட்டார்

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமா இருக்கேன். நீயும் அப்படியே இருக்கணும்.

பதில் போட நாளாச்சு, வேலை அதிகம். சட்டப் புத்தகம் எழுதினவனுக்கு எங்க நிறுத்துறதுன்னே தெரியல, முற்றுப்புள்ளியைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சு.

நீ சொன்ன நாற்காலி எவ்வளவு உயரம்? சாப்பாட்டு மேசை நாற்காலியா, இல்ல தாழ்வா இருக்குமே அதுவா? எழுந்திருக்கும்போது முட்டி கடக்குன்னா நிறுத்தணுமா, பரவாயில்லையா? கணுக்கால் முன்ன ஒருதடவை ஒடைஞ்சவங்க பண்ணலாமா? சும்மாதான் கேட்டேன். எதிர்வீட்டு டீச்சர் விசாரிச்சாங்க.

நீ பண்றதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. எடையை மறக்காம எழுது. எடை ஏறினா உடம்புல தண்ணி கோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அது எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

எல்லாரும் நலம். நீ?

டீச்சர்கிட்ட சொல்லு: சாப்பாட்டு மேசை நாற்காலி, முதுகுப்பக்கம் சுவரோட சேத்துப் போடணும். முட்டி சத்தம் போடட்டும், வலிச்சாத்தான் நிறுத்தணும். கணுக்கால் கூடிருச்சுன்னா பண்ணலாம், முதல்ல மேசையைப் பிடிச்சுக்கிட்டு. பிசியோ பொண்ணுகிட்டயே கேட்டு எழுதுறேன். எனக்குத் தெரியாத டீச்சருக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்குறேன் பாரு.

இருபத்தஞ்சு நிமிஷம் மிதிக்கிறேன். தையல்காரரைத் தாண்டிட்டேன், அவருக்கு முகமே இல்ல. ரெண்டு வருஷத்துக்கப்புறம் பசின்னு ஒண்ணு வருது. அவ சமைச்சதை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அவ அப்படியே கரண்டியோட நின்னுட்டா. ஆஸ்பத்திரிப் படியில மூணு மாடி, பை இல்லாம.

கவலை ஒண்ணே ஒண்ணு. தண்ணி எல்லாம் எடுத்தப்புறம் நான் அம்பத்தெட்டு கிலோ நிக்கணும். அதுதான் எனக்குப் போட்ட எடை. இந்த மாசம் ஒன்றரை கிலோ கூட நிக்குது. அவ அளந்து வைக்கிற பாட்டிலுக்கு மேல ஒரு மடக்கு குடிக்கல, சத்தியமா. டாக்டரம்மா லீவு, அடுத்த மாசக் கடைசியிலதான் வர்றாங்க. கூடையைப் பத்திக் கேட்டதுக்கு நீ பதிலே எழுதல.

மோட்டார்

மார்ச் 22

டேய்,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல.

ஒன்றரை கிலோவா? பாட்டிலுக்கு மேல குடிக்கலையாம். யார்கிட்ட கதை விடுற? அம்மாவுக்குத் தெரியாம தெருக்குழாய்ல வாயை வச்சவன் நீ. சட்டை நனைஞ்சிருக்கும், கேட்டா வேர்வைம்ப. பெடல் மிதிச்சா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா குடிப்ப. தண்ணி நுரையீரல்ல ஏறினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? எனக்கு நீ ஒருத்தன்தான்டா இருக்க.

டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காதே. அந்த ஒன்றரை கிலோவையும் எடுக்கச் சொல்லு. அம்பத்தெட்டுன்னா அம்பத்தெட்டு.

அக்கா

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நான் இருக்கேன். நீயும் இருப்பேன்னு நினைக்கிறேன்.

நீ சொன்னபடியே செஞ்சேன். எங்க தொழில்லயும் அப்படித்தான், எட்டுப் பேருன்னு தகட்டுல அடிச்சிருந்தா எட்டுப் பேர்தான், அதுல பேச்சே கிடையாது. மூணு தடவை சிஸ்டர்கிட்ட அடம்பிடிச்சுப் பழைய எடைக்கே இறக்கச் சொன்னேன். வேண்டாம், டாக்டர் வரட்டும்னு அவங்க சொல்லத்தான் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கடைசி அரைமணி நேரம் கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு உயிர் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். வீட்டுல தண்ணியையும் பாதியாக் குறைச்சேன்.

மூணாவது தடவைக்கு மறுநாள் எஞ்சினியர் கூப்பிட்டார். எட்டு மாடிக் கட்டடம். பையை வலது தோள்ல போட்டு ஏறினேன். நாலாவது மாடித் திருப்பத்துல கண்ணு இருட்டுச்சு. அடுத்து ஞாபகம் இருக்கிறது எஞ்சினியர் என் காலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததுதான். பி.பி. எங்கயோ கீழ கிடந்துச்சாம். பையை அவரே கீழ தூக்கிட்டு வந்தார். அதுதான் அக்கா எனக்குத் தாங்கல.

இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. பெடலை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். இப்ப நீ சந்தோஷமா இருக்கலாம், நான் படுத்துத்தான் கிடக்கேன்.

தம்பி

ஏப்ரல் 29

என் தம்பிக்கு,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நாலு தாளைக் கிழிச்சுட்டேன்.

தப்பு என்னோடது. ஊரான் எழுத்துல ஒத்தைப் புள்ளி போனாக்கூடக் கண்டுபிடிக்கிறவ, உன் விஷயத்துல எதையும் பாக்காம முடிவு கட்டிட்டேன். பயம்டா. எனக்குப் படின்னாலே பயம். நீ ஏறுறேன்னு எழுதும்போதெல்லாம் நீ விழுறதுதான் கண்ணுல தெரிஞ்சுது, நான் சொன்னதாலயே விழுந்துட்ட.

பெடலைத் திருப்பி மாட்டச் சொல்லு. இதை நான் சொல்றேனேன்னு ஆச்சரியப்படுவ. நீ நிறுத்தக் கூடாது. வேலைக்காக வேண்டாம், சும்மா மிதி. நாற்காலிக் கணக்கை விடாதே. எத்தனைன்னு எனக்கு எழுது, ஒவ்வொரு வாரமும் எழுது. அந்த எண்ணிக்கை வரலேன்னா இங்க எனக்கு நாள் நகர மாட்டேங்குது.

அங்க வரணும்னுதான் இருக்கு. வர முடியல. ஏன்னு கேக்காதே.

அக்கா

மே 20

அக்கா,

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். கோபம் போயிடுச்சு, உனக்கு உடம்பு நல்லா இருக்கான்னு மட்டும் எழுது.

இங்க ஒரு கூத்து நடந்துச்சு. என் பேன்ட் எல்லாம் இடுப்புல லூசாப் போச்சுன்னு தையல்காரர்கிட்ட ஜனவரியில புதுசு ரெண்டு தைக்கக் குடுத்திருந்தேன். போன வாரம் அதைப் போட்டுக்கிட்டு கட்டில்ல ஏறினா, தொடையில பிடிக்குது, மடக்க முடியல. தையல் சரியில்ல அண்ணேன்னு சொன்னேன். அவருக்கு வந்துச்சே ரோஷம். அவருக்கு இன்னும் ஊசி குத்தல, தலையணைக்கடியிலேருந்து டேப்பை எடுத்துக்கிட்டு வந்துட்டார். மனுஷன் டயாலிசிஸுக்கும் டேப் இல்லாம வர மாட்டார். நோட்டுல ஜனவரி அளவு எழுதியிருக்கு. இப்ப அளந்தா தொடை ஒன்றரை இஞ்ச் கூட. இடுப்பு அதேதான். "என் தையல்ல தப்பில்ல, உன் கால்தான் தப்பு"ன்னு வார்டே கேக்கிற மாதிரி சொன்னார்.

டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்திருந்தாங்க. அந்த நோட்டை வாங்கிப் பாத்தாங்க. கணுக்காலை அமுக்கிப் பாத்தாங்க, வீக்கம் இல்ல. நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்தாங்க, தண்ணி இல்ல. அப்புறம் சிரிச்சாங்க. அது தண்ணியே இல்லையாம் அக்கா. சதையாம். மிதிச்சு மிதிச்சுச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நானே சேத்த சதை. உடம்பு ஏறினதும் போட்ட எடையையும் ஏத்தியிருக்கணும். ஏத்தாம நான் பழைய கணக்குக்கே இறக்கி, உடம்புக்குத் தேவையான தண்ணியை உருவிட்டேன். இப்ப எனக்கு அம்பத்தொன்பதரை. இனிமே எடையில எதுவும் மாறினா அவங்க பாக்காம யாரும் தொடக் கூடாதுன்னு கண்டிஷன்.

நாம ரெண்டு பேரும் சேந்து என் சதையைத் தண்ணின்னு சண்டை போட்டிருக்கோம். நினைச்சா அழுகையும் வருது சிரிப்பும் வருது.

பெடல் வந்தாச்சு. முப்பது நிமிஷம். நாற்காலி இருபது. வேலைதான் போனது போனதுதான். காலுல தெம்பு வந்து நிக்குது, ஏற மாடி இல்ல. கவுண்டர்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டே இருக்கேன், எதிர்ல இருக்கவன் திட்டுறான்.

நேராக் கேக்குறேன். உன் வீட்டு லிஃப்ட் ஓடுதா?

மோட்டார்

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். சதைன்னு படிச்சதும் எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டோம். அந்தத் தையல்காரருக்கு என் வணக்கம்.

இருபதுன்னு எழுதியிருந்த. அதுக்கு மேல எப்ப ஏத்தணும்? படியில இறங்கும்போது எந்தக் காலை முதல்ல வைக்கணும், ஒடைஞ்ச காலையா, நல்ல காலையா? டீச்சருக்காகத்தான்.

லிஃப்டுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு.

உன் கடுதாசியில இந்தத் தடவை மூணே பிழை.

அக்கா

ஜூலை 9

அக்கா,

கூடையை மெதுவா இழு. இதுல புரூஃப் இல்ல, நான்தான். உன் வீட்டுக்குக் கீழ நிக்கிறேன்.

நேத்து உங்க ஊர் ஆஸ்பத்திரியில மெஷின் போட்டுக்கிட்டேன், ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வச்சது. போன மாசமே உன் கடுதாசி அத்தனையும் எடுத்து வச்சு வரிசையாப் படிச்சேன். காகிதம் கயிறு கட்டின கூடையில வருது. கணுக்கால் ஒடைஞ்ச டீச்சராம், டீச்சருன்னா தினமும் படி இறங்கி ஸ்கூலுக்குப் போயாகணுமே. அஞ்சு கடுதாசியில ஒரு கடை, ஒரு பஸ், ஒரு மழை இல்ல. எப்பவுமே கொட்டித் தீக்கிற நீ, லிஃப்டுன்னு வந்தா மட்டும் ஒரே வரி.

உடனே இங்க லிஃப்ட் வேலை பாக்கிற என் பழைய கூட்டாளியைப் போன்ல கேட்டேன். மோட்டார் காயில் எரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம். கட்டட ஓனர் காதுலயே போட்டுக்கலையாம். நான் பேசின பேச்சுல போட்டுக்கிட்டார். கூட்டாளி புதுக் காயில் கட்டி மேல ஏத்தி வச்சுட்டான், கனமான வேலை எல்லாம் அவனோடது. கனெக்‌ஷன் குடுத்து ஓட விடுறது நான்தான்னு சொல்லியிருக்கேன். அதுக்கு மெஷின் ரூமுக்குப் போகணும். மெஷின் ரூம் உன் தலைக்கு மேல. வழி படிதான்.

அஞ்சு மாடி. ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு நிமிஷம் உக்காருவேன். காலையில பி.பி. பாத்தாச்சு, டாக்டரம்மா சரின்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. பை வலது தோள்ல. பயப்படாதே, எட்டிப் பாக்காதே. கதவை மட்டும் திறந்து வை.

ஒடைஞ்ச கால் முதல்ல. இறங்கும்போது. மேல ஏறும்போது நல்ல கால்.

மோட்டார்

ஜூலை 9, அதே கூடையில

டேய் மோட்டார்,

எட்டிப் பாத்துட்டேன். வெயில்ல நிக்கிற. தலை முன்வழுக்கை ஆயிடுச்சு. முகத்துல சதை போட்டிருக்கு, அது தண்ணி இல்லன்னு எனக்கே தெரியுது.

சொல்லிடுறேன். போன வருஷம் ஜூன்ல உனக்கு முதல் ஊசி குத்தினாங்கன்னு போன் வந்த அன்னிக்கு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன்னைப் பாக்கத்தான் கிளம்பினேன். லிஃப்ட் இல்ல. மூணாவது மாடித் திருப்பத்துல விழுந்தேன். உன்கிட்டச் சொன்னா உன்னாலதான்னு நினைச்சுக்குவ, அதான் சொல்லல. கட்டுப் போட்டு நாலு பேர் நாற்காலியோட தூக்கி மேல வந்து விட்டாங்க. கணுக்கால் கூடிருச்சு. நான்தான் கூடல. பதிமூணு மாசமா இறங்கல.

பிப்ரவரியிலேருந்து உன் கணக்கை நானும் பண்றேன். நீ அஞ்சுன்னா அஞ்சு, பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. ஏப்ரல்ல நீ நிறுத்தினப்ப நானும் நிறுத்திட்டேன். போன வாரம் நாலாவது மாடி வரைக்கும் இறங்கி, அந்தத் திருப்பம் கண்ணுல பட்டதும் திரும்பி வந்துட்டேன்.

நீ ஏறி வா. நான் இறங்கி வர்றேன். அந்தத் திருப்பத்துல ஒரு ஜன்னல் இருக்கு, காத்து வரும். யார் முதல்ல வந்தாலும் அங்க உக்காந்திருக்கணும். அப்புறம் சேந்து மேல போகலாம்.

கூடை இறங்க லேட்டாயிடுச்சுன்னு கோச்சுக்காதே. இத்தனை நாள் தொடாத வெளிப்பூட்டுக்குச் சாவி எங்க வச்சேன்னு இவ்வளவு நேரம் தேடிக்கிட்டு இருந்தேன்.

அக்கா